வெளிநாட்டுப் பள்ளிகளோடு இணையவழித் தடகளப் போட்டி: முடிவுகளை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் வழியாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது. நார்வே, கென்யா, மலேசியா ஆகிய நாடுகளிலுள்ள சில பள்ளிகள் சேர்ந்து மாணவர் தடகளப் போட்டி ஒன்றைத் திட்டமிடுகின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் மைதானத்திலேயே ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றை நடத்தி, முடிவுகளை இணையத்தில் ஒரே அட்டவணையில் பதிவு செய்ய வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் எங்கள் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறார்கள். விதிமுறைகள் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் கருத்தையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் மிகுந்த ஆர்வம் உண்டு. குறுவட்டப் போட்டிக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். அங்கே முதலிடம் பெறுபவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு அந்த ஆண்டின் விளையாட்டு அன்று மாலையோடு முடிந்துவிடுகிறது. நான்காவதாக வந்த பிள்ளைக்கும், மைதானத்துக்கு வராமலே ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கும் இந்தப் புதிய போட்டியில் ஓர் இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம் எப்படி இயங்குகிறது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளவும் இது வழியாகும்.

ஆனால் எப்படி ஒப்பிடுவது என்பதில்தான் குழப்பம். எங்களிடம் இருப்பது சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் மண் தடம். நார்வே பள்ளிக்குப் பக்கத்தில் செயற்கை ஓடுதளம் இருக்கிறதாம். நாங்கள் விசில் ஊதி, ஸ்டாப் வாட்சில் நேரம் எடுக்கிறோம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலில் ஓடுகிறார்கள். கென்யப் பள்ளி உயரமான மேட்டு நிலத்தில் இருக்கிறது. இவ்வளவு வேறுபாடுகளை வைத்துக்கொண்டு ஒரே அட்டவணையில் எண்களை எழுதுவதில் பொருள் உண்டா? எந்தப் போட்டிகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

பதில் 1: நேரக்கணிப்பாளர் (கோவை)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தடகளப் போட்டிகளில் நேரக் கணிப்பாளராகவும் தொடக்குநராகவும் நீண்ட காலம் பணிசெய்தவன் என்ற முறையில் அளவீடு பற்றி மட்டும் சொல்கிறேன். ஒப்பிடுவதில் நிச்சயம் பொருள் உண்டு. ஆனால் மண் தடம், வெறுங்கால், மேட்டு நிலம் ஆகியவற்றைவிட உங்கள் விசில்தான் முதலில் கவனிக்க வேண்டியது.

ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கக் கோட்டில் ஊதும் விசில், முடிவுக் கோட்டில் நிற்பவரின் காதை எட்ட ஏறத்தாழ 0.3 விநாடி ஆகும். விசிலைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் உங்கள் பிள்ளைகள் அனைவருக்கும் நேரம் அந்த 0.3 விநாடி குறைவாகப் பதிவாகி, அது இனாமாகிவிடும். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ பார்த்து நேரம் எடுக்க வேண்டும் என்று நேரக் கணிப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். உங்களுக்குத் துப்பாக்கி தேவையில்லை. இரண்டு மரப்பலகைகளைக் கீலால் இணைத்த கிளாப்பர் ஒன்றைப் பள்ளித் தச்சரிடமே செய்து வாங்கலாம். உட்புறத்தில் ஒரு பலகைக்கு வெள்ளையும் மற்றொன்றுக்குச் சிவப்பும் பூசி, தலைக்கு மேலே உயர்த்தி அடிக்க வேண்டும். பலகைகள் மூடும் கணத்தைக் கண்ணால் பார்த்து முடிவுக் கோட்டில் இருப்பவர் கடிகாரத்தை அழுத்த வேண்டும். எல்லாப் பள்ளிகளும் இப்படிச் செய்ய வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள்.

கையால் எடுத்த நேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் உள்ள வேறுபாடு அடுத்தது. கடிகாரத்தை அழுத்துபவர் கிளாப்பரைப் பார்த்த பிறகே விரலை அசைக்கிறார். மாணவர் கோட்டை நெருங்குவதையோ முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் கைநேரம் எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும். 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு 0.24 விநாடியும், 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டி ஒப்பிடுவது தடகளத்தில் நெடுநாள் வழக்கம். கைநேரத்தை எழுதும்போது பத்தில் ஒரு விநாடிக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும், கடிகாரம் 9.43 என்று காட்டினால் 9.5 என்று எழுத வேண்டும். நார்வே பள்ளியிடம் மின்னணுக் கருவி இருந்தாலும், எல்லோரும் கைநேரமே எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது. ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று கடிகாரங்கள் வைத்தால் இன்னும் நல்லது. மூன்று இருந்தால் நடுவில் உள்ள நேரத்தையும், இரண்டே இருந்தால் கூடுதலான நேரத்தையும் எடுத்துக்கொள்வது விதி.

உங்கள் 200 மீட்டர் தடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உட்புறக் கோட்டின் மேலேயே டேப்பை வைத்து 200 மீட்டர் அளந்திருந்தால், உங்கள் பிள்ளைகள் உண்மையில் அதைவிடக் கூடுதலாக ஓடுகிறார்கள். எவரும் கோட்டின் மேல் ஓடுவதில்லை. உட்புறத்தில் மேடு கட்டிய தடத்தில் 30 சென்டிமீட்டர் தள்ளியும், வெறும் கோடு போட்ட தடத்தில் 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளக்க வேண்டும் என்பது முறை. கோட்டின் மேலேயே அளந்திருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.26 மீட்டர் கூடுதலாகிறது. தடம் பெரிதோ சிறிதோ, இந்த 1.26 மாறாது, ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வட்டத்தின் சுற்றளவுச் சூத்திரம் ஒன்றே போதும். ஏழரைச் சுற்று ஓட வேண்டிய 1500 மீட்டரில் இது 9 மீட்டருக்கு மேல் போய்விடும்.

வெறுங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். வெறுங்காலிலோ, ஒரு காலில் மட்டும் காலணி அணிந்தோ கூட ஓடலாம் என்பதே உலகத் தடகள விதி. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலிலேயே ஓடி வென்றார். ஆனால் தடத்தில் கல்லும் முள்ளும் இல்லாதபடி அன்று காலையில் ஒருமுறை பெருக்கிவிடுங்கள்.

மேட்டு நிலம் குறுகிய ஓட்டங்களுக்கும் தாண்டுதலுக்கும் சற்று உதவும். நெடுந்தூர ஓட்டங்களுக்குத் தடையாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில்தான் 1968 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலக சாதனை படைத்தார். நம் ஊட்டியும் ஏறத்தாழ அதே உயரம்தான். பிள்ளைகள் போட்டியில் இதற்கெல்லாம் திருத்தக் கணக்கு போடத் தேவையில்லை. அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் நேரே உயரம், தரையின் தன்மை, அன்றைய வெப்பம், காற்று ஆகியவற்றைக் குறிக்க ஒரு கட்டம் வைத்தால் போதும். எண்ணைப் படிப்பவர் அதையும் சேர்த்துப் படிப்பார்.

---

பதில் 2: வடமராட்சி ஆசிரியர் (யாழ்ப்பாணம்)

ஆசிரியை அவர்களுக்கும், மேலே அருமையாக விளக்கிய ஐயாவுக்கும் வணக்கம். நான் பாடசாலை ஒன்றில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளை, அதாவது மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் தடகளப் போட்டிகளை, பொறுப்பேற்று நடத்தி வருகிறவன். எந்த நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்வது, புள்ளிகளை எப்படி வழங்குவது என்ற இரண்டையும் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.

100 மீட்டரை விட்டுவிட்டு 60 மீட்டரை வையுங்கள். தரம் 6 மாணவர்களுக்கு அது போதுமான தூரம். வளைவு இல்லாத நேரான 60 மீட்டர் நிலம் எந்தப் பாடசாலையிலும் கிடைக்கும் என்பதால், ஐயா குறிப்பிட்ட தட அளவுச் சிக்கலும் எழாது. நீளம் பாய்தலுக்குப் பதிலாக, நின்ற இடத்திலிருந்து பாயும் நிகழ்ச்சியைத் தெரிவு செய்யலாம். ஓடிவந்து பாயும்போது மிதி பலகை, மணலின் ஆழம், ஓடிவரும் பாதை எல்லாமே இடத்துக்கு இடம் மாறும். நின்று பாய்வதற்கு ஒரு கோடும் மென்மையான நிலமும் போதும். 1900 முதல் 1912 வரை ஒலிம்பிக்கிலேயே இது ஒரு நிகழ்ச்சியாக இருந்தது. அமெரிக்காவின் ரே யூரி 1904இல் 3.47 மீட்டர் பாய்ந்தார். அந்த 3.47 மீட்டரை நிலத்தில் கோடு கீறிக் காட்டினால் மாணவர்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்பார்கள். பாய்ந்தவர் பின்னால் சாய்ந்து கையை ஊன்றினால், கை பட்ட இடத்திலிருந்தே அளக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சென்டிமீட்டருக்குக் குறைவான பின்னத்தை எப்போதும் கீழ்நோக்கியே விட்டுவிட வேண்டும்.

எறிதலில் குண்டும் ஈட்டியும் வேண்டாம். நாட்டுக்கு நாடு வயதுப் பிரிவும் எடையும் மாறுவதோடு, மேற்பார்வை குறைந்த இடத்தில் அவை ஆபத்தானவையும் கூட. டெனிஸ் பந்தை எறியச் செய்யுங்கள். அதன் எடை 56 முதல் 59.4 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான வரையறை. எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் கிரிக்கெட் விளையாட அதைத்தானே வாங்குகிறோம்.

புள்ளி வழங்குவதில்தான் பலரும் தவறான வழிக்குப் போய்விடுகிறார்கள். தசகல நிகழ்ச்சிக்கான (ஒரே வீரர் பத்துப் போட்டிகளில் பங்குபற்றும் டெக்கத்லான்) சர்வதேசப் புள்ளி அட்டவணையைப் பயன்படுத்தலாம் என்று யாராவது முன்மொழியக்கூடும். தயவுசெய்து ஏற்க வேண்டாம். அது வளர்ந்த ஆண் வீரர்களுக்காக வகுக்கப்பட்டது. அதில் 100 மீட்டரை 12.00 விநாடியில் ஓடினால் 651 புள்ளிகள் கிடைக்கும்; 18 விநாடியில் ஓடினால் ஒன்றுமே கிடைக்காது. நீளம் பாய்தலில் 2.20 மீட்டருக்குக் கீழேயும் அதே நிலைதான். பதினொரு வயது மாணவி ஒருத்தி தன்னால் முடிந்த அளவு முயன்று 18 விநாடியில் ஓடி முடித்த பின், உலகத்துக்கே தெரியும் அட்டவணையில் அவளுக்கு நேரே பூச்சியம் என்று எழுதுவது கொடுமை அல்லவா?

நான் பரிந்துரைப்பது சராசரி. ஒவ்வொரு வகுப்பிலும் பங்குபற்றக்கூடிய உடல்நிலையில் உள்ள மாணவர்கள் அனைவரும் பாய வேண்டும். அனைவரின் தூரத்தையும் கூட்டி, தொகையால் வகுத்து வருவதே அந்தப் பாடசாலையின் பெறுபேறு. இதில் மிகச் சிறந்த மூவரை மட்டும் தெரிந்தெடுத்துப் பயிற்றுவிப்பதால் பெரிய பயன் கிடைக்காது, 1.10 மீட்டர் பாயும் மாணவரை 1.30க்குக் கொண்டுவந்தால்தான் சராசரி உயரும். எங்கள் இல்லப் போட்டிகளில் கீழ்ப் பிரிவுகளுக்கு இம்முறையைக் கையாண்டபோது, வழக்கமாகக் கூடாரத்தில் அமர்ந்து கைதட்டும் மாணவர்களை இல்லத் தலைவர்களே தேடிச் சென்று அழைத்துவந்து பயிற்சி கொடுத்ததைக் கண்டேன். கால் சற்று ஊனமான மாணவன் ஒருவனுக்கு எப்படிக் கைகளை வீசினால் கூடுதலாகப் பாயலாம் என்று மூத்த மாணவி ஒருத்தி மாலை நேரங்களில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பாய்ந்த ஒவ்வொரு முறையும் அளவு நாடாவைப் பிடித்திருந்தவளும் அவள்தான்.

போட்டியோடு கூடவே எல்லாப் பாடசாலைகளும் ஒன்றுசேர்ந்து முடிக்கும் முயற்சி ஒன்றும் இருந்தால் நன்று. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஐந்து பாடசாலைகளில் பாடசாலைக்கு 200 மாணவர்கள் வீதம் ஆயிரம் பேர், நாளொன்றுக்கு 800 மீட்டர் ஓடினால் அல்லது நடந்தால், ஐம்பது பாடசாலை நாட்களில் பூமியைச் சுற்றிவிடலாம். அஞ்சல் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல, ஒரு நாட்டு மாணவர்கள் விட்ட கிலோமீட்டரிலிருந்து அடுத்த நாட்டு மாணவர்கள் தொடரலாம். உலகப்படத்தில் அன்றன்று எங்கே வந்து நிற்கிறோம் என்று குறித்தால் புவியியல் ஆசிரியருக்கும் வேலை கிடைக்கும்.

---

பதில் 3: பனிநாட்டுத் தாய் (ஒஸ்லோ)

வணக்கம். நான் நோர்வேயில் ஆரம்பப் பள்ளி ஒன்றில் துணை ஆசிரியராக வேலை செய்கிறேன். என் பிள்ளைகள் இங்கேயே பிறந்து படிப்பவர்கள். நீங்கள் சேரப்போகும் குழுவில் நோர்வே நாட்டுப் பள்ளியும் இருப்பதால், அந்தப் பள்ளி எதை எதிர்பார்க்கும், எதற்குத் தயங்கும் என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டின் விளையாட்டுச் சம்மேளனம் சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகளை வைத்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 11 வயது நிறையும் ஆண்டுக்கு முன்பு முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக்கூடாது. 12 வயது வரைக்கும் பரிசு கொடுத்தால் பங்குபற்றிய எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். இவை விளையாட்டுக் கழகங்களைக் கட்டுப்படுத்தும் விதிகள்தான்; ஆனால் ஆசிரியர்களும் பெற்றோரும் இந்த எண்ணத்திலேயே ஊறியவர்கள். ஆறாம் வகுப்புக்கு இங்கே வருகிற பிள்ளைகள் அந்த ஆண்டில் 11 வயதை நிறைவு செய்பவர்கள் என்பதால் உங்கள் திட்டம் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இருந்தாலும், முதலாம் இடம் இரண்டாம் இடம் என்று பிள்ளைகளின் பெயரைப் போட்டு அடுக்கினால் அவர்கள் பின்வாங்கக்கூடும். வடமராட்சி ஆசிரியர் சொன்ன சராசரி முறையை அவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். போட்டி உணர்வு குறைந்துவிடுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இந்த நாட்டிலிருந்துதான் கார்ஸ்டன் வார்ஹோல்ம் வந்து 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தை 45.94 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். நின்று பாய்தலும் இவர்களுக்குப் பழக்கமானது. அதற்குத் தேசியப் போட்டி நடத்தும் நாடு இது.

காலத்தைப் பொறுத்தவரை, செப்டம்பர் மாதத்தைத் தவற விடாதீர்கள். இங்கே ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை கோடை விடுமுறை. ஒக்டோபர் கடைசியில் மாலை சீக்கிரமே இருட்டிவிடும், நவம்பரில் மைதானம் உறைந்து போகும். ஒரே நாளில் எல்லோரும் நடத்த வேண்டும் என்று வைத்தால் மழையோ தேர்வோ வந்து யாராவது ஒருவர் விடுபட்டுப் போவார்கள். மூன்று வார இடைவெளி கொடுத்து, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் நடத்தலாம் என்று விட்டுவிடுங்கள். நேரில் முகம் பார்த்துப் பேசும் காணொளிச் சந்திப்பை ஒருமுறை வைத்தால் போதும். செப்டம்பரில் இங்கே காலை 9 மணி என்றால் உங்களுக்குப் பகல் 12.30, நைரோபியில் காலை 10, கோலாலம்பூரில் பிற்பகல் 3 மணி. நான்கு நாட்டுக்கும் பகல் வேளையாக அமைவது பெரிய வாய்ப்பு. கனடாவிலிருந்து ஒரு பள்ளி சேர்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொரு விடயத்தை மிகவும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எதுவும் பொது அட்டவணையில் வரக்கூடாது. நோர்வே பள்ளி ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இந்தியாவிலும் 2023ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதி, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. பள்ளிக்கு ஓர் எழுத்து, பிள்ளைக்கு ஓர் எண், பிறந்த ஆண்டு, இவ்வளவு போதும். எந்த எண் எந்தப் பிள்ளைக்கு உரியது என்ற ஏடு உங்கள் பள்ளி அலமாரியிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதும் செய்திகளும் ஆசிரியர்களின் கணக்கு வழியாகவே போகட்டும். பிள்ளைகளைக் கொண்டு வாட்ஸ்அப் குழு தொடங்க யாராவது ஆசைப்பட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். வயதுப் பிரிவையும் வகுப்பை வைத்துப் பார்க்காமல் பிறந்த ஆண்டை வைத்துப் பிரித்துவிடுங்கள், ஏனென்றால் பள்ளியில் சேரும் வயது ஒவ்வொரு நாட்டிலும் வேறு.

---

கேள்வி கேட்டவர்: கரிசல்மண்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 60 மீட்டர் ஓட்டம், நின்று தாண்டுதல், டென்னிஸ் பந்து எறிதல் ஆகிய மூன்றையும், சராசரி முறையையும், செப்டம்பர் மூன்று வாரங்களையும் எங்கள் பள்ளியின் பரிந்துரையாக எழுதுகிறேன். கிளாப்பர் செய்யத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. எங்கள் தலைமையாசிரியர் கேட்டதும் இதுதான். நடுவரும் நாமே, பதிவாளரும் நாமே என்றிருக்கும்போது, ஒரு பள்ளி நம்ப முடியாத முடிவை அனுப்பினால் என்ன செய்வது? பொய் சொல்கிறார்கள் என்று எழுதினால் நட்பே முறிந்துவிடும். கேட்காமல் விட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

---

பதில் 4: நேரக்கணிப்பாளர் (கோவை)

உங்கள் தலைமையாசிரியரின் கேள்வி மிகச் சரியானது. 2020இல் கொரோனா காலத்தில் உலகின் தலைசிறந்த வீரர்களே இந்தக் கேள்வியைச் சந்திக்க நேர்ந்தது.

அந்த ஆண்டு ஜூன் 11 அன்று ஓஸ்லோவின் பிஸ்லெட் மைதானத்தில் நார்வே ஓட்டவீரர்களான இங்கெப்ரிட்சன் சகோதரர்களின் அணியும், நைரோபியில் கென்ய ஓட்டவீரர் டிமொதி செருயோட்டின் அணியும் ஒரே நேரத்தில் 2000 மீட்டர் ஓடின. ஒரு பக்கம் கடல் மட்டத்துக்கு அருகில் உள்ள நகரம். மறுபக்கம் 1,700 மீட்டருக்கும் மேலான உயரமும் மழையும். ஓஸ்லோவில் யாகோப் இங்கெப்ரிட்சன் 4 நிமிடம் 50.01 விநாடியில் ஓடி ஐரோப்பிய சாதனை படைத்தார். நிலைமைகள் சமமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டே நடத்தினார்கள். நேற்று நான் சொன்ன, உயரத்தையும் தரையையும் குறிக்கும் கட்டம் உங்களுக்கு அந்த வேலையைச் செய்யும்.

அடுத்த மாதம் ஜூலை 9 அன்று சூரிச் நகரை மையமாக வைத்து, பல நாட்டு மைதானங்களில் வீரர்கள் தனித்தனியே ஓட, திரையில் ஒன்றாகக் காட்டும் போட்டி நடந்தது. அமெரிக்காவின் நோவா லைல்ஸ் புளோரிடாவில் 200 மீட்டரை 18.90 விநாடியில் முடித்ததாகக் கடிகாரம் காட்டியது. உசைன் போல்ட்டின் உலக சாதனையே 19.19 விநாடி. சற்று நேரத்தில் உண்மை தெரிந்தது: அவரைத் தவறான தொடக்கக் கோட்டில் நிற்க வைத்திருந்தார்கள், அவர் ஓடியது 185 மீட்டர். உலகத்தரம் வாய்ந்த மைதானத்தில், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னாலேயே கோடு மாறிப் போகும் என்றால், பள்ளி மைதானத்தில் போகாதா? ஆகவே நம்ப முடியாத எண் வந்தால் முதலில் கோட்டையும் டேப்பையும் சந்தேகியுங்கள். என் அனுபவத்தில் வியப்பூட்டும் முடிவுகளில் பெரும்பாலானவை அளவுப் பிழைகளே. நைந்து நீண்டுபோன துணி டேப், முனை ஒடிந்து 10 சென்டிமீட்டரிலிருந்து தொடங்கும் டேப், அடியையும் மீட்டரையும் மாற்றிப் படித்தது, இரண்டு முறை தவறி அழுத்திய கடிகாரம் என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.

விதியில் இப்படி எழுதலாம். ஒவ்வொரு பள்ளியும் போட்டிக்கு முன்பு தன் 60 மீட்டர் தூரத்தை இரும்பு டேப்பால் இருமுறை, ஒருமுறை இந்த முனையிலிருந்தும் ஒருமுறை அந்த முனையிலிருந்தும் அளந்து, இரண்டு அளவையும் அட்டவணையில் பதிய வேண்டும். கைப்பேசியை முடிவுக் கோட்டுக்கு நேராக, கோட்டின் நீட்சியிலேயே ஒரு நாற்காலியில் அசையாமல் நிறுத்தி, எல்லா ஓட்டங்களையும் படம் பிடித்து வைக்க வேண்டும். அந்தப் படம் பள்ளியிலேயே இருக்கட்டும், பொதுவில் ஏற்ற வேண்டாம். ஏதாவது ஒரு முடிவில் ஐயம் எழுந்தால், எந்தப் பள்ளியும் எந்தப் பள்ளியிடமும் 'அந்த ஓட்டத்தை மறுபடி ஒருமுறை அளந்து பார்க்க முடியுமா' என்று கேட்கலாம்; கேட்பது குற்றச்சாட்டு ஆகாது என்பதையும் விதியிலேயே எழுதிவிடுங்கள். முதல் கேள்வியை உங்கள் பள்ளியே தன் முடிவைப் பற்றிக் கேட்டுக்கொண்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விடும்.

அளக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். டேப்பின் பூச்சிய முனையைப் பிடிப்பவர், அளவைப் படிப்பவர், திரும்பச் சொல்லி எழுதுபவர் என்று மூவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் வேறொரு வகுப்பின் முடிவுகளை அளக்க வேண்டும். தன் கையால் அளந்த பிள்ளை தான் எழுதிய எண்ணை எளிதில் மாற்ற விடாது. காணொளிச் சந்திப்பில் பிள்ளைகள் என்ன பேசுவார்கள் என்று திகைக்க வேண்டியதில்லை. உங்கள் அளவீட்டுக் குழு தன் கிளாப்பரைக் காட்டி, தடத்தை எப்படி அளந்தோம் என்று சொல்லட்டும், கென்யப் பிள்ளைகள் தங்கள் முறையைச் சொல்லட்டும். 'எங்கள் மைதானத்தில் காற்று எப்போதும் மேற்கிலிருந்துதான் வரும், உங்களுக்கு?' என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் பேச்சு தானாக வளரும்.

விதிகளை எழுதி முடித்ததும் இங்கேயும் ஒருமுறை பதியுங்கள். நேரக் கணிப்புப் பகுதியை வரி வரியாகப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.